செட்டிநாட்டில் லோகோ வரையத் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர்கள், கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருப்பவர்கள், பாட்டனார் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள் என எல்லோருக்கும் இப்போது லோகோ வேண்டியிருக்கிறது. அதை வரையப் பழக விரும்பும் இளைஞர்களும், தம் கடைக்குத் தாமே வரைந்துகொள்ள நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளை ஒட்டியவை. மற்ற மென்பொருள்களில் கட்டளைகளின் பெயர் மாறலாம், வேலை ஒன்றுதான்.

ஃபோட்டோஷாப்பில் வரைந்தால் போதாதா? வெக்டர் எதற்கு?

போதாது. ஃபோட்டோஷாப்பில் வழக்கமாக வரையும் படம் சிறுசிறு நிறக் கட்டங்களால் ஆனது. ஐந்நூறு கட்ட அகலத்தில் ஒரு லோகோ செய்து, அதையே பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்தால், ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியும். வாசலில் நின்று பார்ப்பவருக்கே ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும்.

வெக்டர் கோப்பில் கட்டங்கள் இல்லை. எந்தப் புள்ளியில் தொடங்கி, எப்படி வளைந்து, எந்தப் புள்ளியில் முடிகிறது என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. எந்த அளவு கேட்டாலும் கணினி அந்தக் கணக்கை வைத்து வரைந்து தருகிறது. அதிரசப் பெட்டியின் மூடியில் இரண்டு சென்டிமீட்டரில் ஒட்டும் அதே கோப்பு, காரைக்குடி கல்லூரிச் சாலைப் பெயர்ப்பலகைக்கும் பொருந்தும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைக் கண்ணாடியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரை வெட்டுகிற இயந்திரத்தின் கத்தி, வெக்டர் கோட்டைப் பின்பற்றித்தான் நகரும். ஜேபெக் படத்தைக் கொடுத்தால் அதற்கு வெட்டத் தெரியாது.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

இங்க்ஸ்கேப். இலவசம், கட்டற்ற மென்பொருள். 2003 முதல் வளர்ந்துவருகிறது, 1.0 பதிப்பு 2020இல் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும்.

நம் ஊர் அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிரா என்ற மென்பொருள்தான் அதிகம். அங்கே வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் அதையும் பழகிக்கொள்ளுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் சந்தா கட்டிப் பயன்படுத்துவது, விளம்பர நிறுவனங்களில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பழகும் காலத்தில் இரண்டும் தேவையில்லை. திருட்டுப் பிரதியை நிறுவித் தொடங்கவே வேண்டாம். வைரஸ் பயம் ஒருபக்கம் இருக்க, மற்றவரின் உழைப்பு சார்ந்த தொழிலுக்கு வருகிறவர் அப்படித் தொடங்குவது முறையல்ல.

இங்க்ஸ்கேப்பில் கோரல்டிராவின் சிடிஆர் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், சிடிஆராகச் சேமிக்க முடியாது. அதற்காகக் கவலை வேண்டாம். பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அச்சகத்தில் கோரலிலேயே திறந்துகொள்வார்கள்.

எனக்குப் படம் வரையத் தெரியாது. லோகோ வரைய முடியுமா?

முடியும். லோகோவுக்கு வேண்டியது வட்டம், சதுரம், வளைவு ஆகியவற்றைக் கூட்டிக் கழிக்கும் பழக்கமும், எதை விடுவது என்று முடிவு செய்யும் துணிவும். வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவருக்கு முதல் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

முதலில் எதை வரைந்து பழகுவது?

ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓடு. நம் வட்டாரத்தில் வெக்டரைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கல் செய்யும் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராகத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டுச் சமன் செய்வார்கள். அச்சின் தகட்டில் எங்காவது இடைவெளி இருந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். வெக்டரில் மூடிய வடிவம் என்பதும் இதேதான்: கோடு முழுதாக மூடினால்தான் அதற்குள் நிறம் ஒழுங்காக நிற்கும்.

அந்தக் கல்லில் அடிக்கடி காணும் நான்கிதழ்ப் பூவை வரைவோம்.

விசைப்பலகையில் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தான 'ஈ'யை அழுத்தினால் வட்டக் கருவி வரும். கண்ட்ரோலைப் பிடித்தபடி இழுத்து ஒரு வட்டம் வரையுங்கள். மேலே உள்ள அளவுப் பெட்டிகளில் அதன் ஆரத்தை 50 மி.மீ. ஆக்குங்கள். கண்ட்ரோலும் 'டி'யும் அழுத்தினால் அதே இடத்தில் ஒரு நகல் விழும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 'எம்' மூன்றும் சேர்ந்தால் உருமாற்றப் பலகை திறக்கும். அதில் நகலைக் கிடையாக 70.7 மி.மீ. நகர்த்துங்கள். இரண்டு வட்டங்களையும் தேர்ந்தெடுத்து, பாதைக்குரிய பட்டியலில் இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைக்கும் கட்டளையைக் கொடுங்கள். கண்ட்ரோலுடன் நட்சத்திரக் குறி அதற்குக் குறுக்குவழி. செங்குத்தாக ஓர் இதழ் நிற்கும்: நீளம் 70.7 மி.மீ., அகலம் 29.3 மி.மீ.

அந்த 70.7 சும்மா வந்த எண் அல்ல. ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. அந்த இடைவெளியில் இதழின் நுனிக் கோணம் சரியாக 90 பாகையாக அமையும். அதனால் நான்கு இதழ்கள் நடுவில் ஒன்றோடொன்று இடிக்காமல், விலகாமல் கூடும். வட்டங்களை இன்னும் நெருக்கி வைத்தால் இதழ் பருத்து அடுத்ததன் மேல் ஏறும். தள்ளி வைத்தால் மெலிந்து, இதழ்களுக்கு நடுவே சந்து விழும். ஒருமுறை மூன்றுவிதமாகவும் செய்து பாருங்கள்.

இனி இதழைச் சொடுக்கி, இன்னொருமுறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகள் தோன்றும். நடுவில் உள்ள சிறு சிலுவைக் குறிதான் சுழல்மையம். அதை இதழின் கீழ்நுனிக்கு இழுத்து வையுங்கள். நகல் எடுத்து, கண்ட்ரோலைப் பிடித்தபடி சுழற்றினால் 15 பாகை 15 பாகையாக நகரும், 90இல் நிறுத்துங்கள். இப்படியே இன்னும் இரண்டு. நான்கையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக்குங்கள். பூ தயார். இதில் கையால் வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை.

இந்தப் பூவை வெவ்வேறு இதழ் எண்ணிக்கையில், ஒரே நிறத்தில், ஒரு வாரம் விதவிதமாகச் செய்துகொண்டிருந்தால் மென்பொருளின் பாதி கைக்குள் வந்துவிடும்.

பேனாக் கருவி மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், பொறுமையாகப் பார்ப்போம். இந்த வளைவுகளுக்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960களில் பிரான்ஸின் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியே என்ற பொறியாளர் காரின் உடல் வளைவுகளை வடிவமைக்க இதைப் பயன்படுத்திப் பரப்பினார். சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டல்ஜோவும் தனியாக இதே கணிதத்தைக் கண்டடைந்திருந்தார். வளைவின் இரண்டு முனைகளில் நோடு எனப்படும் இரண்டு புள்ளிகள், ஒவ்வொரு நோடிலிருந்தும் நீளும் ஒரு கைப்பிடி. கைப்பிடி காட்டும் திசையில் வளைவு புறப்படும், கைப்பிடி நீண்டால் அந்தத் திசையிலேயே அதிக தூரம் போகும். கணக்கு அவ்வளவுதான்.

சொடுக்கினால் மூலை, சொடுக்கி இழுத்தால் வளைவு. புதியவர்கள் செய்யும் தவறு, வளைவு சரியாக வரும்வரை நோடு நோடாக வைத்துக்கொண்டே போவது. அதற்கு எதிர்த்திசையில் யோசியுங்கள். வடிவத்தின் மேல் உச்சி, கீழ் எல்லை, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் நோடு வையுங்கள். அங்கே கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ நிறுத்துங்கள், கண்ட்ரோலைப் பிடித்தால் நேராக நிற்கும். ஒரு முழு வட்டத்துக்கே நான்கு நோடுகள் போதும். மாங்காய் வடிவத்துக்கு ஐந்தோ ஆறோ போதும். நீங்கள் இருபது வைத்திருந்தால், வளைவில் எங்கோ ஒரு புடைப்பு இருக்கும். திரையில் தெரியாத அந்தப் புடைப்பு, பித்தளையில் செதுக்கும்போதும் ஸ்டிக்கர் வெட்டும்போதும் தெளிவாகத் தெரியும்.

பழக ஓர் எளிய வழி: பழைய வீட்டுச் சன்னல் கம்பி வேலைப்பாட்டின் ஒரு சுருளை நேர் எதிரே நின்று படம் எடுத்து, திரையில் அடியில் வைத்து, அதன் மேல் வரையுங்கள். முடித்ததும் ஒவ்வொரு நோடாக அழித்துப் பாருங்கள். வடிவம் மாறவில்லை என்றால் அந்த நோடு தேவையில்லாதது.

படத்தின் ஓரங்களை மென்பொருளே வரைந்துகொள்ளும்படி டிரேஸ் செய்தால் ஒரு நொடியில் வெக்டர் ஆகிவிடுகிறதே?

ஆகும், நூற்றுக்கணக்கான நோடுகளோடு. தானியங்கி டிரேஸ் கோட்டைத்தான் பார்க்கும், எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. நல்ல கறுப்பு மையில் காகிதத்தில் நீங்களே எழுதிய கையெழுத்து என்றால் டிரேஸ் உதவும். யாளியின் புகைப்படத்தை டிரேஸ் செய்து லோகோ என்று கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் படங்களும் பெரும்பாலும் கட்டப் படங்களே. தமிழ் எழுத்தை அவை அடிக்கடி சிதைக்கின்றன. யோசனைக்குப் பார்க்கலாம். இறுதி வடிவத்தை நோடு நோடாக நீங்கள்தான் வரைய வேண்டும்.

வீட்டு முகப்பு, தேக்குத் தூண், நிலைவாசல் கஜலட்சுமி, யாளி எல்லாமே லோகோவில் வேண்டும் என்கிறார் கடைக்காரர். எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றை விடுங்கள்.

செட்டிநாட்டில் அழகான பொருள்கள் அளவுக்கு மீறிக் கிடக்கின்றன, அதுவே நமக்குச் சிக்கல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையில் நடந்தால் பத்தடிக்கு ஒரு லோகோ கண்ணில் படும். ஆனால் விசிட்டிங் கார்டில் லோகோவுக்குக் கிடைக்கும் இடம் இரண்டு சென்டிமீட்டர். கைப்பேசியில் வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்தால் அதைவிடச் சிறிது. அந்த அளவில் இரண்டு யானைகளும் தாமரையும் தேவியும் ஒரு கறுப்புத் திட்டாகிவிடும்.

இன்னொன்று: இந்த வட்டாரத்தில் உணவகம், விடுதி, மசாலா எதை எடுத்தாலும் வளைவும் தூணும் கொண்ட அதே வீட்டு முகப்பு. பத்துக் கடைக்கும் பொருந்தும் லோகோவால் ஒரு கடைக்கும் பயனில்லை. எனவே கடைக்காரரிடம் "செட்டிநாட்டில் எது பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "உங்களிடம் மட்டும் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பலகாரக் கடை என்றால், மனகோலம், கைமுறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல் என்று பத்து வகை இருக்கும். எதைத் தேடி ஆள் வருகிறார்கள்? கைமுறுக்கு என்றால், அதன் முறுக்கிய சுற்றை மட்டும் எடுங்கள். மூன்று சுற்று, ஒரே தடிமன், மேலே சிறு முறுக்குக் கோடுகள். பார்த்தவுடன் நாக்கில் சுவை வரும், எந்த அளவிலும் நிற்கும். விடுதி என்றால் முழு வீட்டுக்குப் பதிலாக அந்த வீட்டின் சாவி, அல்லது அந்த வீட்டுத் தரையில் மட்டும் உள்ள ஒரு கல்லின் வடிவம். பனையோலைக் கொட்டான் பின்னும் குழு என்றால் பின்னலின் ஒரு முடிச்சு.

கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லையா? வாதம் செய்ய வேண்டாம். அவர் கேட்டதையும் நீங்கள் எளிமையாக்கியதையும் ஒரே காகிதத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

2010இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். பள்ளிப் பிள்ளை பென்சிலால் எழுதிவிடக்கூடிய ஒரே ஓர் எழுத்து, நாடு முழுக்கப் புழங்குகிறது.

எங்கள் குடும்ப விலாச எழுத்துகளையே லோகோவாக வைக்கலாமா?

தாராளமாக. பெயரெழுத்துகளே வணிக முகவரியாக நிற்பது நகரத்தார் மரபு. காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் எழுத்துகளான ஏவி.எம். தமிழகம் முழுக்கத் தெரிந்த அடையாளம். மூன்று எழுத்துவரை அழகாகப் பின்னலாம். நான்கைந்து எழுத்துகள் என்றால் பின்ன வேண்டாம், வரிசையாக நல்ல இடைவெளியில் நிறுத்துங்கள். பழைய வீட்டு முகப்பில் சுதையில் இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து, அதையே மேல்வரைந்து புதுப்பிப்பது எந்த எழுத்துருவாலும் தர முடியாத தனித்தன்மையைத் தரும்.

தமிழ் எழுத்துக்கு எந்த எழுத்துரு? ஏன் கொம்பு இடம் மாறிப் போகிறது?

கூகுள் எழுத்துருத் தளத்தில் கிடைக்கும் கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், பாலூ தம்பி, நோட்டோ தமிழ் வகைகள் எல்லாம் திறந்த உரிமம் கொண்டவை. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

டிடிபி மையங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்கள் உண்டு. அதில் தட்டிய வரியை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முதலிலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள். கொம்பு இடம் மாறுவது, தமிழின் எழுத்துச் சேர்க்கை விதிகளை அந்த மென்பொருளோ அமைப்போ பின்பற்றாததால். இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

கோப்பை வெளியே அனுப்பும் முன் எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள். "கர்வ் செய்து கொடுங்கள்" என்று அச்சகத்தில் கேட்பது இதைத்தான். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 'சி'. மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, எனவே மாற்றாத ஒரு பிரதியைத் தனியே வையுங்கள். 'செட்டிநாடு' என்பதில் 'ட்' விட்டுப்போனதைப் பலகை மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் செலவு உங்கள் தலையில்.

வடிவமாக்கிய பின் குழுவைக் கலைத்து எழுத்துகளை நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். 'செ'யின் கொம்பும் 'ச'வும் சேர்ந்தே நகர வேண்டும். பிறகு மெய்ப்புள்ளிகளைப் பாருங்கள். சிறிய அளவில் முதலில் காணாமல் போவது அவைதான். 'ட்டி'யில் உள்ள அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் ரப்பர் ஸ்டாம்பிலும் தப்பிக்கும். 'க', 'ச' போன்ற எழுத்துகளின் உள்வெளி மை பரவினால் அடைபடும், அதையும் சற்றுத் திறந்துவிடுங்கள்.

பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயர் முதலாவதாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. எனவே தமிழ் வடிவத்தை முதலில் முடித்து, ஆங்கிலத்தை அதற்கு இணங்க அமையுங்கள்.

நிறத்தை எப்படி முடிவு செய்வது? எல்லோரும் தங்க நிறம் கேட்கிறார்களே?

கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் முழுக் கறுப்பில் லோகோ நிற்க வேண்டும். தாம்பூலப் பையிலும் மஞ்சப்பையிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதற்குத் தனிச் செலவு. அங்கே ஒரு நிறப் பதிப்புதான் ஓடும். துணியில் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு நிற்பது கடினம்.

திரையில் மின்னும் தங்கம், மஞ்சளும் பழுப்பும் மாறிமாறி வரும் நிறச்சாய்வு. சாதாரண அச்சில் அது சேறாகத்தான் விழும். உண்மையில் தங்கம் வேண்டுமென்றால் மினுங்கும் உலோகத் தாளை ஒட்டும் ஃபாயில் அச்சு கேட்க வேண்டும், அதற்கும் தட்டையான ஒரே வடிவம்தான் தேவை. கண்டாங்கிச் சேலையின் கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கறுப்பும் எவ்வளவு அழுத்தமாக நிற்கின்றன என்று பாருங்கள். ஒரு சாய்வும் இல்லை.

இங்க்ஸ்கேப் திரை நிறங்களைக் கொண்டே இயங்குகிறது. அச்சில் எல்லா நிறத்தையும் நான்கு மைகளைக் கலந்தே கொண்டுவருவார்கள், அந்தக் கணக்கு வேறு. சிவகாசிக்குப் பெட்டி அச்சடிக்க அனுப்பும் முன், அச்சகத்தின் நிற அட்டையைப் பார்த்து மை விகிதத்தை எழுதிக் கொடுங்கள், மாதிரி ஒன்று அடித்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் எந்தெந்தக் கோப்புகளைக் கொடுப்பது?

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி மூலக் கோப்பு, அச்சுக்குப் பிடிஎஃப், கைப்பேசிக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி. ஒவ்வொன்றிலும் வண்ணம், முழுக் கறுப்பு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை. உணவுப் பொருள் என்றால் பெட்டியில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கும், சைவத்தைக் குறிக்கும் பச்சை வட்டக் குறிக்கும் இடம் விட்டு அமைக்க நினைவூட்டுங்கள்.

லோகோவைப் பதிவு செய்ய வேண்டுமா? யாருக்குச் சொந்தம்?

பதிவு கட்டாயமில்லை, செய்தால் பாதுகாப்பு. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி இணையவழியில் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000 என்பது 2017 விதிகளில் உள்ள கட்டணம். முறுக்கு, சீடை போன்ற மாவுப் பலகாரங்கள் 30ஆம் வகுப்பு, உணவகமும் விடுதியும் 43. பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அரசின் இணையத் தேடலில் அதே போன்ற சின்னம் உள்ளதா என்று பாருங்கள், அது இலவசம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துக் குறியைப் பதிவு கிடைத்த பிறகே போட வேண்டும், அதற்கு முன் போடுவது குற்றம்.

'செட்டிநாடு' என்ற ஊர்ப் பெயரை மட்டும் தனியுரிமையாகப் பெறுவது கடினம். அதனுடன் தனித்தன்மையுள்ள சொல்லும் வடிவமும் வேண்டும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த உரிமை கைத்தறி நெசவாளர்களுக்குப் பொதுவானது. விசைத்தறிச் சேலை விற்கும் கடைக்கு அந்தப் பெயரை வைத்து லோகோ கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையில், பணம் முழுதும் வந்ததும் உரிமை அவருக்கு மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை முறை திருத்தம், எந்தெந்தக் கோப்பு, முன்பணம் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். உறவினர் கடை என்றாலும் எழுதுங்கள், உறவினர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.